பறவைக்குப் பதினேழு, பஸ்ஸுக்கு நூறு

மாலை ஆறே கால். டாப் ஸ்டேஷனில் பனி மூடுவதற்கு முன் கொஞ்ச நேரம் கண்ணுக்குத் தெளிவு கிடைக்கும். டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, ஈரக் கையைத் தோள்துண்டில் துடைத்தபடி கீழே காட்டினார்.

"அந்தா, கூட்டமா வெளிச்சம் தெரியுதுல்ல, அதான் போடி. அதுக்கு முன்னாடி மலை அடியில நாலு லைட்டு மினுக்குதே, அது குரங்கணி."

"கடைசியா எப்பண்ணே போடிக்குப் போனீங்க?"

"தாலுகா ஆபீஸ்ல ஒரு வேலை. ஆச்சு தம்பி, எட்டு மாசம்." அடுப்பைத் தணித்துவிட்டுச் சொன்னார்: "பாக்குறது தினம் பாக்குறேன். போறதுக்குத்தான் ஒரு நாள் முழுசா வேணும்."

வரைபடத்தில் அளவுகோலை வைத்தால் டாப் ஸ்டேஷனிலிருந்து போடிநாயக்கனூர் ஏறக்குறைய 17 கிலோமீட்டர். ஹெலிகாப்டருக்கு ஐந்து நிமிடம். சாலையில் போவதென்றால் முதலில் போடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூணாறுக்கு 32 கிலோமீட்டர் போக வேண்டும். அங்கிருந்து பூப்பாறை, போடிமெட்டு வழியாக 68 கிலோமீட்டர் இறங்கி வர வேண்டும். ஆக நூறு. பஸ் மாறி, மூணாறில் காத்துக்கிடந்து, வளைவுகளில் உருண்டு வந்து சேர்வதற்குள் அரை நாள் ஓடிவிடும். நடந்தால்? குரங்கணி வரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இறக்கம், அதற்கப்புறம் போடிக்கு 16 கிலோமீட்டர் பஸ். இரண்டே ஊர், நடுவில் மூன்று தூரம்.

டாப் ஸ்டேஷன் இரு மாநில எல்லையில் நிற்கிற ஊர். அங்குள்ள குடியிருப்பு தேனி மாவட்டம் கொட்டகுடி ஊராட்சியைச் சேர்ந்தது. அதாவது தன் தாலுகா அலுவலகத்துக்கு வண்டியில் போக ஒரு தமிழ்நாட்டுக்காரர் கேரளாவுக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். கொழுக்குமலை கதையும் இதேதான். உலகத்திலேயே உயரமான தேயிலைத் தோட்டங்களில் ஒன்று என்று பெயர் வாங்கிய அந்த மலை போடி தாலுகாவில்தான் இருக்கிறது. ஆனால் ஜீப் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான் ஏறும். போடியிலிருந்து நேர்கோட்டில் 16 கிலோமீட்டர் சொச்சம், சுற்றிப் போனால் அறுபதைத் தாண்டும். இந்தப் பக்கத்து மலைக்கிராமங்கள் சிலவற்றுக்குத் தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரம் குதிரை முதுகில் போகிறது. ஓட்டுப் போடும் மெஷின் குதிரையில் போவதைப் பத்திரிகைகள் ஒவ்வொரு தேர்தலுக்கும் படமாகப் போடுகின்றன. மற்ற நாட்களில் அங்கே பிரசவ வலி எடுத்தவர் எதில் போகிறார் என்று படம் போட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

கிலோமீட்டர் வருவதற்கு முன்பே நம்மிடம் தூரத்துக்குச் சொற்கள் இருந்தன. கூப்பிடு தூரம், கல்லெறி தூரம், நாழிகை வழி, காதம். இவற்றில் நாழிகை வழி என்பது நேரக் கணக்கு. மலையில் அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. குரங்கணியில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், "ஏறுனா மூணு, மூணரை மணி நேரம். எறங்குனா ரெண்டு" என்பார்கள். ஒரே ஒற்றையடிப் பாதைதான். ஆனால் போகும்போது ஒரு தூரம், வரும்போது ஒரு தூரம். அளவுகோல் வைத்துப் பார்க்கிறவனுக்கு இது தப்பாகப் படும். கூடையைச் சுமந்துகொண்டு ஏறியவனுக்கு இதுதான் சரி.

இருபதுக்கு ஒன்று

சாலை ஏன் இப்படிச் சுற்றுகிறது? வாட்டம்தான் காரணம். போடி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போடிமெட்டுக்குப் போவதற்குள் இன்னும் ஆயிரம் மீட்டருக்குக் குறையாமல் ஏற வேண்டும். லாரி மூச்சு முட்டாமல் ஏற, இருபது அடி முன்னால் போனால் ஓரடி உயரலாம் என்ற கணக்கில் சாலை போட்டால், ஆயிரம் மீட்டர் ஏற இருபது கிலோமீட்டர் வேண்டும். நேராகப் போனால் அவ்வளவு நீளம் மலையில் கிடைக்காது. அதனால் துணியை மடிப்பதுபோல் சாலையை மடிக்கிறார்கள். மடிப்பு ஒவ்வொன்றும் ஒரு கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்து முந்தல் சோதனைச் சாவடியிலிருந்து போடிமெட்டு வரை இப்படி 17 மடிப்பு. கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85 என்று பலகையில் பெருமையாக எழுதியிருக்கிறது. போடிக்காரர்களுக்கு அது 'மெட்டு ரோடு'.

மலை ஏறி முடிகிற விளிம்பை இந்தப் பக்கம் மெட்டு என்பார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, தேவாரம் மெட்டு. மெட்டில் நின்றால் கிழக்கே வெயில் கொளுத்தும் தேனிப் பள்ளத்தாக்கு, மேற்கே மழை சொட்டும் ஏலமலை. ஒரே டீயை இரண்டு மாநிலத்துக் காற்றில் ஆற்றிக் குடிக்கலாம்.

கம்பியில் இறங்கிய தேயிலை

டாப் ஸ்டேஷனுக்கு வரும் சுற்றுலாக்காரர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, "ஸ்டேஷன் எங்கே?" ரயில் இல்லாத மலையுச்சிக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்பதில்தான் நம் கதையின் நடுமுடிச்சு இருக்கிறது.

கண்ணன் தேவன் மலைகளில் காட்டை அழித்துத் தேயிலை போட்ட வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்கு, விளைந்ததைக் கப்பலேற்றுவது பெரிய தலைவலியாக இருந்தது. மேற்கே கொச்சிப் பக்கம் இறங்குவதைவிடக் கிழக்கே போடிப் பக்கம் இறங்குவது அவர்களுக்குக் கிட்டமாகப் பட்டது. 1902-ல் மூணாறிலிருந்து குண்டலைப் பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். ஒரே ஒரு தண்டவாளத்தில் பாரம் ஏறும், சாய்ந்துவிடாமல் இருக்கப் பக்கத்தில் இன்னொரு சக்கரம் சாலையில் உருளும். இழுத்தது மாடுகள். 1908-ல் அதைப் பிடுங்கிவிட்டு, இரண்டடி அகலத்தில் முறையான குட்டி ரயிலையே கொண்டுவந்தார்கள். நீராவி இன்ஜின், மாட்டுப்பட்டி, பாலாறு என்று நிலையங்கள், கடைசி நிலையம் டாப் ஸ்டேஷன்.

அதற்கப்புறம் பாதாளம். அங்கேதான் கம்பி. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடி வரை ஐந்து கிலோமீட்டருக்கு ரோப்வே கட்டி, தேயிலைப் பெட்டிகளை அந்தரத்தில் தொங்கவிட்டு இறக்கினார்கள். கீழே இறங்கிய இடம் பாட்டம் ஸ்டேஷன். நடுவில் ஒரு சென்ட்ரல் ஸ்டேஷன். கம்பிக்கு இருபதுக்கு ஒன்று என்ற சங்கடமெல்லாம் கிடையாது, பள்ளத்தைப் பார்த்து வளையவும் வேண்டாம். கொட்டகுடியில் பெட்டியை இறக்கி மாட்டுவண்டியில் ஏற்றினால் 15 கிலோமீட்டரில் போடி. மேலே தோட்டத்துக்கு வேண்டிய அரிசியும் சாமானும் கீழிருந்து அதே வழியில் ஏறின.

நூறு வருஷத்துக்கு முன்னால், மூணாறு தேயிலைக்குப் போடி இன்றைய பஸ் பயணிக்கு இருப்பதைவிடப் பக்கத்தில் இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் எரிச்சலாகத்தான் வருகிறது. அந்தத் தேயிலையைக் கிள்ளிய ஆட்கள்? கங்காணி முன்னே போக, சட்டி பானையும் கைக்குழந்தையுமாகச் சமவெளியிலிருந்து கால்நடையாக ஏறியவர்கள் அவர்கள். பெட்டிக்குக் கம்பி கிடைத்தது, ஆளுக்கு ஒற்றையடிப் பாதைதான். இந்த ஏற்பாடு ரோப்வேயோடு முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பின்னால் வருகிறேன்.

1924 ஜூலையில் மலையாள நாட்டையே புரட்டிப்போட்ட பெருவெள்ளம் வந்தது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் அதைத் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்பார்கள். குண்டலைக் குட்டி ரயில் அதோடு போய்விட்டது, மறுபடி போடவில்லை. இதில் ஒரு வேடிக்கை: மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்தது 1928-ல். மேலே ரயில் இருந்த காலத்தில் கீழே ரயில் இல்லை, கீழே வந்தபோது மேலே இல்லை. நாலே வருஷ இடைவெளியில் இரண்டும் ஒன்றை ஒன்று தவறவிட்டன. இன்று மிச்சம் இருப்பது மூன்று 'ஸ்டேஷன்' பெயர்கள்தான்.

கீழே வந்த ரயிலுக்கும் ஆயுசு கெட்டியில்லை. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஐம்பதுகளில் திரும்பப் போட்டார்கள். 2010 கடைசியோடு அகலப்பாதைக்காக நிறுத்தினார்கள். ஒன்றிரண்டு வருஷத்தில் வந்துவிடும் என்று சொல்லப்பட்ட ரயில், 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூன் 15-ம் தேதி போடி வரைக்கும் வந்தது. தொண்ணூறு கிலோமீட்டரை அகலப்படுத்தப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல். அந்தப் பன்னிரண்டு வருஷமும் மதுரைக்கும் போடிக்கும் நடுவில் வான்வழித் தூரம் ஒரு அங்குலம்கூட மாறவில்லை.

இப்போது வாரத்துக்கு மூன்று நாள் சென்னை சென்ட்ரலிலிருந்து ராத்திரி ஏறினால், காலையில் போடியில் இறங்கலாம். பதினோரு மணி நேரம். விமானத்தில் போகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம், சென்னையிலிருந்து மதுரைக்குப் பறப்பது ஒண்ணேகால் மணி நேரம்தானே என்று. சரி, கூட்டிப் பாருங்கள். வீட்டிலிருந்து மீனம்பாக்கத்துக்கு ஒரு மணி நேரம். பெட்டி, பரிசோதனை, வரிசை என்று ஒன்றரை மணி நேரம். பறப்பது ஒண்ணேகால். வெளியே வர அரை மணி. மதுரை விமான நிலையத்திலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிக்குக் காரில் இரண்டரை மணி நேரம். ஏழு மணி நேரம் ஆகிவிடுகிறது. சென்னைக்கும் போடிக்கும் நேர்கோட்டில் சுமார் 465 கிலோமீட்டர். அதை ஏழால் வகுத்தால் மணிக்கு 66 கிலோமீட்டர். நல்ல ஓட்டுநர் கையில் இருக்கும் அரசு பஸ்ஸின் வேகம்.

போடிக்கு மேற்கே நெடும்பாசேரி விமான நிலையம் இருக்கிறதே என்பார்கள். நேர்கோட்டில் அதுவும் நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். நடுவில் ஏலமலை முழுசாகப் படுத்திருக்கிறது.

மலையைச் சுற்றாமல் நேராக ஊடுருவும் வித்தை ஒன்றே ஒன்றுக்குத்தான் தெரியும்: நியூட்ரினோ என்ற நுண்துகளுக்கு. போடி மேற்கு மலையில், பொட்டிப்புரம் கிராமத்தை ஒட்டி, பாறைக்குள் இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது ஞாபகம் இருக்கும். எதிர்ப்பும் வழக்குமாகத் திட்டம் நின்றுபோனது. அந்தச் சர்ச்சைக்குள் நான் போகவில்லை. தூரக் கணக்குக்காக ஒரு சங்கதி மட்டும். ஜெனீவா பக்கம் இருப்பதைப் போன்ற தொலைதூர ஆய்வகம் ஒன்றிலிருந்து, பூமியின் வயிற்றுக்குள்ளேயே, ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல், நியூட்ரினோ கற்றையை இந்தியாவுக்கு அனுப்பிப் பிடிக்கலாமா என்றுகூட இயற்பியலாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். வந்துசேர ஆகும் நேரம் ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு. டாப் ஸ்டேஷன் டீக்கடைக்காரர் காதில் இதைப் போட்டேன். "மண்ணுக்குள்ளயா? அப்ப அதுக்கு மூணாறுல பஸ் மாற வேண்டியதில்ல" என்றார்.

சிரிக்க முடியாத இடமும் இந்த மலையில் உண்டு. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் தீப்பிடித்தபோது மலையேற்றத்துக்கு வந்தவர்கள் சிக்கிக்கொண்டார்கள். 23 பேர் இறந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆனாலும் தீக்காயம் பட்டவர்களை உள்ளூர் ஆட்கள்தான் துணியில் தொட்டில் கட்டி, இருட்டில், கல்லும் முள்ளுமான சரிவில் சுமந்து இறக்கினார்கள். கீழே நின்றவர்களுக்குத் தீ கண்ணுக்கு எதிரேதான் தெரிந்தது.

குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் சாலை போட்டால் என்ன என்ற கோரிக்கை பல வருஷமாக இருக்கிறது. தேவாரத்துக்காரர்கள் சாக்கலூத்து மெட்டு வழியாக ஒரு சாலை கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். காடு குறுக்கே நிற்கிறது. உலகப் போர்க் காலத்தில் கொடைக்கானலிலிருந்து பேரிஜம், டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறுக்கு ஒரு தப்பியோடும் சாலையே இருந்தது, ஜப்பான்காரன் மதராசுக்கு வந்துவிட்டால் கொச்சிக்கு ஓட. அதையும் மூடி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. யானையும் காட்டெருமையும் அதில் நிம்மதியாக நடக்கின்றன. என்னைக் கேட்டால் அந்தச் சோலைக்காட்டுக்குள் இன்னொரு மெட்டு ரோடு வேண்டாம் என்பேன். ஆனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை கொஞ்சம் கம்மிதான். நான் டீயைக் குடித்துவிட்டு இறங்கிவிட்டேன். டீக்கடைக்காரருக்குத் தாலுகா ஆபீஸ் வேலை இன்னும் முடியவில்லை.

விலை ஒரு நொடி, ஆள் இரண்டு மணி நேரம்

போடியை ஏலக்காய் நகரம் என்பார்கள். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இரண்டே ஊரில் நடக்கிறது: மலைக்குக் கீழே போடி, மலைக்கு மேலே இடுக்கி மாவட்டத்துப் புற்றடி. வியாபாரிகள் வரிசையாகக் கணினி முன் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு சின்ன மாதிரிப் பொட்டலம் வரும். பிரித்துத் தட்டில் கொட்டி, விரலால் பரப்பி, நிறம் பார்த்து, இரண்டு காயை நசுக்கி மோந்து, பொத்தானைத் தட்டுவார்கள். எட்டு எம்.எம். போல்ட் என்றால் குரல் ஒரு மாதிரி, ஏழுக்கு வேறு மாதிரி. 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனபோது இந்த அறைகளில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை என்று ஒரு வியாபாரி சொன்னார்.

2021-லிருந்து இரண்டு ஏல மையமும் ஒரே வலையில் இணைந்தன. போடியில் உட்கார்ந்துகொண்டே புற்றடியில் இருக்கும் சரக்குக்கு விலை கேட்கலாம். கம்பம்மெட்டு ஏறிப் போனால் இரண்டு மணி நேரம் பிடிக்கும் வழியை, ஒரு எண் நொடியில் தாண்டுகிறது. பின்னால் வருகிறேன் என்று சொன்னது இதைத்தான். தேயிலைப் பெட்டிக்கு அன்று கம்பி. ஏலக்காய் விலைக்கு இன்று வேறு கம்பி. காயைப் பறிக்கிற கை எப்படிப் போகிறது என்பதைப் பார்க்க, விடியற்காலை ஐந்து மணிக்குப் போடித் தெருவில் நிற்க வேண்டும்.

நின்றேன். இருட்டு விலகவில்லை. ஜீப்புகள் இன்ஜினை உறுமவிட்டபடி நின்றன. சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குச்சட்டி, கக்கத்தில் பிளாஸ்டிக் தாள். மழை வந்தால் அதுதான் கோட்டு. ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ணினேன். பதினாறில் விட்டுவிட்டேன், அதற்கப்புறமும் இரண்டு பேர் ஏறினார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் தோட்டங்களுக்குத் தினமும் போய்த் திரும்புகிறவர்கள். போடி, தேவாரம், கோம்பை, உத்தமபாளையம், கம்பம் என்று இந்த அடிவாரம் முழுக்கவே காலையில் இப்படித்தான் மேலே ஏறுகிறது. 1956 நவம்பர் 1-ம் தேதி தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவோடு போனபிறகு இது கேரளாவுக்குள் போகும் பயணம். அதற்கு முன் திருவிதாங்கூருக்குள். பெயர்தான் மாறியது, ஏற்றம் அதேதான்.

முன்சீட்டில் எனக்கு இடம் கொடுத்த அக்கா, காய் எடுப்பு பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் காய் என்னவோ தூரில், சரம் சரமாகத் தரையோடு கிடக்கும். குனிந்தும் குந்தியும்தான் எடுக்க வேண்டும். முற்றியதை மட்டும் கிள்ள வேண்டும், பிஞ்சில் கைவைத்தால் சத்தம் வரும். அஞ்சு கிலோ பச்சைக்காய் ஸ்டோரில் காய்ந்தால் ஒரு கிலோ தேறும். "நிமிந்தா ஆகாசம் தெரியாதுப்பா, ஒரே மரம். குனிஞ்சா காயி. அம்புட்டுத்தான் எங்களுக்கு மலை."

வளைவுகளுக்கு எண் எழுதியிருக்கிறது. யாரும் பார்ப்பதில்லை. ஜீப் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு ஒரு கணம் முன்பே எல்லா உடம்பும் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகின்றன. தூங்குகிறவர்கள்கூடத் தூக்கத்திலேயே சாய்கிறார்கள். எனக்கு மட்டும் ஒவ்வொரு வளைவிலும் முழங்கை கதவில் இடித்தது.

சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்கினேன். கை முழுக்கக் காய்ப்பால் கறுத்திருக்க, அந்த அக்கா ஜாக்கெட்டுக்குள்ளிருந்து செல்போனை எடுத்துப் பார்த்தார். கேரளா டவர் போய், நம் டவர் இன்னும் வரவில்லை. சில வளைவுகள் கழிந்தபின் ஒரு கோடு வந்தது, மறைந்தது, திரும்ப வந்தது. பின்னால் இருந்த நாலைந்து பேரும் அதே நேரத்தில் போனைக் காதில் வைத்தார்கள்.

"ஏ பாப்பா, புலியூத்து தாண்டிட்டோம். உலைய வையி." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டு டம்ளர் அரிசி போதும். நான் வாரதுக்கும் கொதி வாரதுக்கும் சரியா இருக்கும்" என்றார்.

முந்தல் சாவடியில் ஜீப் நின்றபோது மறுபடியும் போனை எடுத்தார். "அரிசி போட்டியா?"